கண்ணுக்கு எட்டாத சாரம்

செஞ்சி வட்டாரத்துக் குன்றுகளைக் கண்டு பழகியோர்க்குச் சீயமங்கலம் புதிய பெயரன்று. 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் அங்குள்ளது. பிற கட்டடங்கள் சேர்த்துச் சேர்த்து எழுவன. குடைவரையோ நீக்கி நீக்கி உருப்பெறுவது.

இன்றைய மருத்துவ அறிவியலும் அத்தகைய பணியொன்றைச் செய்கின்றது. விலங்கின் திசுவிலிருந்து உயிரணுக்களைக் கழுவி நீக்கினால், கொலாஜன் முதலிய புரதங்களாலான வலைப்பின்னல் எஞ்சும். கொத்தனார் கட்டும் சாரம்போல, புதிய உயிரணுக்கள் பற்றி வளர அஃது இடந்தரும். தீப்புண்ணால் தோலிழந்தவர்க்கு அது பெருந்துணை.

கொலாஜனின் முப்புரி வடிவத்தை உலகிற்கு உணர்த்தியது சென்னைப் பல்கலைக்கழகமே. ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955ஆம் ஆண்டுகளில் அதனை வெளியிட்டனர். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் பதனிடும் நம் சமுதாயத்தார் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வருவதும் இக்கொலாஜனையே என்றறிந்தபோது, தமிழ் மட்டுமே பயின்ற நான் வியந்தேன்.

இச்சாரத்தைக் காண 1931இல் ஜெர்மனியில் ருஸ்காவும் நோலும் உருவாக்கிய எலக்ட்ரான் நுண்ணோக்கியின் வழிவந்த கருவிகள் உதவுகின்றன. திசுத் துணுக்கைக் குளுட்டரால்டிஹைடில் நிலைப்படுத்துவர். அப்பொருள் தோல் பதனிடவும் பயன்படுவதே. பின்னர் ஆல்கஹாலால் நீரகற்றி உலர்த்தி, மெல்லிய பொன்பூச்சு இடுவர். அப்போது இழைகளும் துளைகளும் தெளிவாகத் தோன்றும். துளை மிகச் சிறிதாயின் உயிரணு உட்புக இயலாது. ஆதலின் அப்படம் வெறும் அழகுக் காட்சியன்று. ஒரு நோயாளியின் நலம் அதனைச் சார்ந்தது.

எனினும் படமே முழு உண்மையாகாது. உலர்த்துகையில் திசு சுருங்கும். துளையின் அளவும் மாறும். பார்வையும் பிழைபடும், ஆய்ந்தே தெளிக என்னும் நெறியை வற்புறுத்தியவர் ஒளியியல் மேதை இப்னுல் ஹைத்தம். அழகிய ஓரிடத்தை மட்டும் படமெடுத்துக் காட்டாமல், பல இடங்களை அளந்து கூறுவதே ஆய்வறம்.

நம் பெரியோர் வினவும் வினா ஒன்றுண்டு: இச்சாரம் எவ்விலங்கினுடையது? மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் இவை செய்யப்படுகின்றன. இழைகளின் தோற்றத்தைக் கண்ட அளவில் அவ்வேறுபாட்டை உணர்தல் அரிது. அதனை நோயாளிக்கு மறையாது உரைக்க வேண்டியவர் செய்தவரும் மருத்துவருமே. மார்க்கத் தீர்ப்பை ஆலிம்கள் சொல்லட்டும். அதற்குரிய உண்மையை அறிவியலார் தரட்டும். இவ்விருவர்க்கும் இடையே தெளிந்த தமிழில் பேச வல்ல மாணவர்கள் நம் கல்லூரியிலிருந்து எழுவார்களாக!