கடல்கடந்து கற்பிக்கச் செல்வோர் கவனத்துக்கு

2022 ஆம் ஆண்டில் இலங்கை பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தபோது, அரசாங்க ஊழியர்கள் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறை பெற்று வெளிநாடு சென்று தொழில் புரியலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. அந்த அறிவிப்பு வந்த நாள்முதல் எனக்கு வரும் மின்னஞ்சல்களில் ஒருவகைக் கேள்வி தொடர்ந்து இடம்பெற்று வருகின்றது. எழுதுபவர்கள் ஆசிரியர்கள். மாலைதீவிலோ கட்டாரிலோ டுபாயிலோ ஒரு சர்வதேசப் பாடசாலை வேலைக்கு அழைத்திருக்கின்றது. சம்பளம் டொலர்க் கணக்கில். போகலாமா, விடலாமா என்பதே கேள்வி.

நான் வேலைவாய்ப்பு முகவர் அல்லன். ஆனால் வெளிநாடு சென்று கற்பித்தவர்களின் கதைகளைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவருபவன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் எழுதுவதைவிட, அறிந்தவற்றை ஓரிடத்தில் எழுதிவிடுவது நன்று என்று தோன்றுகின்றது.

நம்மவர்கள் இவ்வாறு புறப்படுவது இது முதற்தடவையன்று. நைஜீரிய அரசாங்கம் 1976 இல் அனைவருக்குமான இலவச ஆரம்பக் கல்வித் திட்டத்தைத் தொடக்கியது. எண்ணெய் வருமானம் பெருகியிருந்த காலம் அது. பிள்ளைகள் வகுப்பறைகளை நிறைத்தார்கள். கற்பிக்க ஆள் போதவில்லை. இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கணித, விஞ்ஞான ஆசிரியர்கள் விமானமேறினார்கள். 1983 ஜூலை வன்செயலுக்குப் பின்னர் தமிழாசிரியர்கள் மேலும் பலர் ஆபிரிக்க நாடுகளை நாடினார்கள். பத்திரிகை அலுவலகத்தில் ஞாயிறு இதழுக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் பார்க்கும் பொறுப்பு அக்காலத்தில் என்னிடம் இருந்தது. நைஜீரிய, சாம்பிய முத்திரைகள் ஒட்டிய நீல நிற வான்கடிதங்கள் வாரந்தோறும் வரும். முதற்கடிதங்களில் புதிய ஊரின் வர்ணனை இருக்கும். பின்னர் வந்தவற்றில் சம்பள நிலுவை பற்றிய கவலைதான் இருந்தது.

காரணம் எளிது. 1985 இல் ஒரு நைரா ஏறக்குறைய ஓர் அமெரிக்க டொலருக்குச் சமமாக இருந்தது. எண்ணெய் விலை வீழ்ந்து, 1986 இல் நாணயம் சந்தையின் போக்கில் விடப்பட்டபின், 1989 இல் ஒரு டொலருக்கு ஏழு நைராவுக்கு மேல் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒப்பந்தத்தில் எழுதியிருந்த சம்பளத்தில் ஒரு சதமும் குறையவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் கட்டத் தொடங்கிய வீடு சுவர் மட்டத்தில் நின்றுபோயிற்று. எந்த நாணயத்தில் சம்பளம் என்பதை முதலாவதாகக் கேட்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு அந்த வான்கடிதங்களே ஆதாரம்.

அவர்கள் சென்றது அரசாங்கப் பாடசாலைகளுக்கு. இன்று அழைப்பவை பெரும்பாலும் தனியார் சர்வதேசப் பாடசாலைகள். ‘சர்வதேசம்’ என்ற சொல்லில் ஒரு மயக்கம் இருக்கின்றது. 1924 இல் ஜெனீவாவில் தொடங்கிய சர்வதேசப் பாடசாலை சர்வதேசச் சங்கத்தின் பணியாளர்களது பிள்ளைகளுக்காக உருவானது. இன்றோ அப்பெயரைச் சூட்டிக்கொள்ள எவரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை என்ற நிலை பல நாடுகளில் உள்ளது. நமது நாட்டையே எடுத்துக்கொள்வோம். 1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் உதவிபெறும் பாடசாலைகளை அரசுடைமையாக்கி, புதிய தனியார் பாடசாலைகளுக்கும் கதவடைத்தன. 1977 இன் பின் திறந்த பொருளாதாரம் வந்தபோது, சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிகளாகப் பதிவு செய்துகொண்டு முளைத்தன. சட்டத்தின் கண்ணில் அவை வியாபார நிறுவனங்கள். வெளிநாடுகளிலும் பல சர்வதேசப் பாடசாலைகளின் நிலை இதுவே. நல்ல வியாபார நிறுவனமும் உண்டு, கெட்டதும் உண்டு. சர்வதேச அமைப்பொன்று பின்னால் நின்று ஆசிரியரைப் பாதுகாக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

அப்படியானால் ஆசிரியரைத் தாங்கி நிற்பது எது? ஒப்பந்தமும் விசாவும் மாத்திரமே. அவை இரண்டும் ஒரே தொழில்தருநரின் கையில் இருக்கின்றன என்பதுதான் இத்தொழிலின் மிகப் பெரிய ஆபத்து.

எனது உறவினர் ஒருவரின் மகள் வளைகுடா நாடொன்றில் ஆங்கிலம் கற்பித்தார். கணவர் இங்கே, ஆறு வயது மகன் அவருடன் அங்கே. பாடசாலையின் குடியிருப்பிலே வீடு. மகனுக்கு அதே பாடசாலையில் கட்டணச் சலுகை. இரண்டாம் வருடம் அதிபர் மாறினார். பரீட்சையில் தேறாத ஒரு மாணவனின் புள்ளிகளை உயர்த்தும்படி கேட்கப்பட்டது. அவர் மறுத்தார். தவணை முடிவில் ஒரு கடிதம் வந்தது. முப்பது நாட்களுக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். கொழும்பில் வந்திறங்கியபின் என்னிடம் சொன்னார்: “மாமா, வேலை போனதுக்கு நான் அழேல்லை. ஒரே நாளில வேலையும் வீடும் பிள்ளையின்ர பள்ளிக்கூடமும் போனதுக்குத்தான் அழுதனான்.”

ஊரில் வேலையை இழக்கும் ஆசிரியருக்கு வீடு மிஞ்சும், அயல் மிஞ்சும், தொழிற்சங்கம் மிஞ்சும். அங்கே விசா வேலையோடு கட்டப்பட்டிருப்பதால் எதுவும் மிஞ்சுவதில்லை. சில நாடுகளில் நிலைமை முன்னரைவிடத் திருந்தியிருக்கின்றது என்பதையும் சொல்ல வேண்டும். கட்டாரில் நாட்டைவிட்டு வெளியேறுவதற்கே தொழில்தருநரின் அனுமதி தேவைப்பட்ட முறை, 2018 இல் பெரும்பாலானோருக்கு நீக்கப்பட்டது. வேலை மாறுவதற்குப் பழைய தொழில்தருநரின் சம்மதக் கடிதம் வேண்டும் என்ற விதி 2020 இல் அகற்றப்பட்டது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 இல் நடைமுறைக்கு வந்த தொழிற்சட்டம், ஊழியரின் கடவுச்சீட்டைப் பறித்து வைப்பதைத் தடை செய்கின்றது. ஆயினும் சட்டம் ஓரிடத்திலும் வழக்கம் வேறோரிடத்திலும் இருப்பது உலகெங்கும் உள்ளதே. வேறொரு நாட்டில் பௌதிகவியல் கற்பித்துத் திரும்பிய மூத்த ஆசிரியர் ஒருவரை நாங்கள் மாஸ்டர் என்றே அழைப்போம். அவர் சொன்னது: “தம்பி, பள்ளிக்கூடம் நல்லது, பிள்ளையளும் நல்ல பிள்ளையள். ஆனால் என்ர பாஸ்போட் அவங்கட அலுமாரிக்குள்ள கிடந்த வரைக்கும் எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை.”

அடுத்தது சம்பளக் கணக்கு. அமீரகத்தின் சட்டப்படி, சேவை முடிவில் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாட் சம்பளமும், அதற்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு 30 நாட் சம்பளமும் பணிக்கொடையாகக் கிடைக்கும். அடிப்படைச் சம்பளத்தை வைத்தே இது கணிக்கப்படுகின்றது. இருவருக்கு மாதம் 8,000 திர்ஹம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு அடிப்படை 6,000, மிகுதி படிகள். மற்றவருக்கு அடிப்படை 3,000, படிகள் 5,000. ஐந்து ஆண்டுகள் முடிந்து புறப்படும்போது முன்னவருக்கு 21,000 திர்ஹம் கிடைக்கும். பின்னவருக்கு 10,500 மாத்திரமே. கையொப்பமிடும் நாளில் இருவருக்கும் சம்பளம் ஒன்றாகவே தெரிந்திருக்கும்.

நமது கடவுச்சீட்டின் விலையைப் பற்றியும் பேசியாக வேண்டும். தென்கொரியா ஆங்கிலப் பயிற்றுநர் விசாவை அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாபிரிக்கா ஆகிய ஏழு நாடுகளின் பிரஜைகளுக்கே பெரும்பாலும் வழங்கி வந்துள்ளது. முப்பது வருடம் ஆங்கிலம் கற்பித்த யாழ்ப்பாணத்து ஆசிரியைக்கு அந்தக் கதவு மூடியே இருக்கும். வேறு நாடுகளில் கதவு திறந்திருந்தாலும், ஒரே பாடசாலையில் ஒரே வகுப்பைக் கற்பிக்கும் மேற்கு நாட்டவருக்கு ஒரு சம்பளமும் ஆசிய நாட்டவருக்கு வேறொரு சம்பளமும் வழங்கப்படுவதைப் பலர் என்னிடம் கூறியுள்ளனர். பெற்றோருக்கு அனுப்பும் விளம்பரப் புத்தகத்தில் எவருடைய படம் இருக்கின்றது என்று பார்த்தாலே ஓரளவு விளங்கிவிடும்.

இவற்றைவிடப் பாரதூரமான ஆபத்து சட்டத்தோடும் சமயத்தோடும் தொடர்புடையது. சூடான் தலைநகர் கார்ட்டூமில் கற்பித்த கில்லியன் கிபன்ஸ் என்ற பிரித்தானிய ஆசிரியையின் விவகாரம் பலருக்கு நினைவிருக்கும். ஏழு வயதுப் பிள்ளைகளின் வகுப்பில் ஒரு கரடிப் பொம்மைக்குப் பெயர் வைக்கும்படி சொன்னார். பிள்ளைகள் வாக்களித்து முஹம்மத் என்று பெயரிட்டார்கள். 2007 நவம்பரில் அவர் கைதானார். மதத்தை அவமதித்ததாகத் தீர்ப்பளித்து 15 நாள் சிறையும் நாடுகடத்தலும் விதித்தார்கள். பிரித்தானியப் பிரபுக்கள் சபையின் முஸ்லிம் உறுப்பினர் இருவர் கார்ட்டூமுக்குச் சென்று ஜனாதிபதியைச் சந்தித்த பின்னர், டிசெம்பர் 3 இல் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர் கொண்டு சென்றது மேற்குலக வகுப்பறையொன்றின் சாதாரண வழக்கம். அதே வழக்கம் வேறு மண்ணில் குற்றமாயிற்று.

ஜகார்த்தாவில் நடந்தது இன்னும் நீண்ட கதை. அங்குள்ள புகழ்பெற்ற சர்வதேசப் பாடசாலையொன்றில் பணியாற்றிய நீல் பாண்டல்மன் என்ற கனடியர், சிறுவர் துஷ்பிரயோகக் குற்றச்சாட்டில் 2014 ஜூலையில் தடுத்து வைக்கப்பட்டார். 2015 ஏப்ரலில் பத்தாண்டுச் சிறை. அதே ஆண்டு ஓகஸ்டில் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2016 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவ்விடுதலையை ரத்துச் செய்து பதினோர் ஆண்டுகள் விதித்தது. அவர் குற்றத்தை இறுதிவரை மறுத்து வந்தார். 2019 இல் ஜனாதிபதியின் கருணையினாலேயே வெளியே வந்தார். பிள்ளைகளின் பாதுகாப்பு எந்த ஆசிரியரின் நலனைவிடவும் மேலானது. அத்தகைய முறைப்பாடு எங்கும் கடுமையாக விசாரிக்கப்படவே வேண்டும். ஆயினும் மொழி தெரியாத நாட்டில் நீதிமன்றப் படியேறுவது எத்தகையது என்பதை இவ்வழக்கு காட்டுகின்றது.

கிபன்ஸுக்காக இருவர் விமானமேறிச் சென்றார்கள். பாண்டல்மனுக்காகக் கனடிய அரசாங்கம் குரல் கொடுத்தது. வவுனியாவிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ சென்ற ஓர் ஆசிரியருக்காக யார் செல்வார்கள்? இக்கேள்விக்குப் பதிலை வாசகர்களிடமே விட்டுவிடுகின்றேன்.

இவ்வளவும் எழுதியதால் போகவே கூடாது என்பது எனது கருத்து என்று எவரும் கொள்ள வேண்டாம். வெளிநாட்டில் கற்பித்து, தங்கைமாரைக் கரைசேர்த்து, பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்பி, நிம்மதியாக ஊர் திரும்பியவர்களை நான் நிறையவே அறிவேன். மாஸ்டரும் அவர்களில் ஒருவர்தான். அவருடைய மாணவர்கள் இப்போதும் அவருக்குக் கடிதம் எழுதுகின்றார்கள். இருபது பேர் கொண்ட வகுப்பும், குறையில்லாத ஆய்வுகூடமும், பல நாட்டுப் பிள்ளைகளின் கேள்விகளும் ஓர் ஆசிரியருக்குக் கிடைக்கும் பெரும்பேறுகள். போகின்றவர் கண்ணைத் திறந்துகொண்டு போக வேண்டும் என்பதே எனது வேண்டுகோள்.

புறப்படும் முன்னர் செய்ய வேண்டியவை சில உண்டு. அப்பாடசாலையில் இப்போது கற்பிப்பவர் ஒருவரோடும், அங்கிருந்து விலகிய ஒருவரோடும் பேசுங்கள். விலகியவரின் பெயரைத் தர நிர்வாகம் தயங்கினால், அத்தயக்கமே ஒரு தகவல். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, எந்த நாணயத்தில், தகுதிகாண் காலம் எத்தனை மாதம், அதற்குள் நீக்கினால் திரும்பும் பயணச்சீட்டு யார் செலவு, மருத்துவக் காப்புறுதி குடும்பத்துக்கும் உண்டா என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் சொன்னது ஒப்பந்தத்தில் இல்லையென்றால் அது சொல்லப்படவே இல்லை என்று கொள்ளுங்கள். சுற்றுலா விசாவில் வந்து பின்னர் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் முகவரை நம்பாதீர்கள். தொழில் விசா இல்லாமல் வகுப்பறையில் நிற்பவரைப் பெரும்பாலான நாடுகளின் சட்டம் குற்றவாளியாகவே பார்க்கும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்யாமல் புறப்படாதீர்கள். ஊருக்குத் திரும்பும் விமானக் கட்டணத்துக்குரிய பணத்தை எக்காரணம் கொண்டும் தொடாமல் வைத்திருங்கள்.

கடைசியாக ஒன்று. 1990 ஓகஸ்ட் 2 ஆம் திகதி ஈராக் குவைத்தினுள் நுழைந்தபோது, அங்கு பணியாற்றிய பல்லாயிரம் இலங்கையர்கள் கையில் அகப்பட்டதோடு ஜோர்தானை நோக்கி ஓடினார்கள். அவர்களுள் ஆசிரியர்களும் இருந்தனர். பின்னர் ஐக்கிய நாடுகளின் இழப்பீட்டு ஆணைக்குழு, நாட்டைவிட்டு வெளியேறியவர்களுக்கு ஒரு நிலையான தொகையையும், சம்பளம் முதலிய இழப்புகளை ஆதாரத்தோடு காட்டியவர்களுக்கு மேலதிகத் தொகையையும் வழங்கியது. எனக்குத் தெரிந்த கணக்கியல் ஆசிரியர் ஒருவர், பாலைவனத்தைக் கடக்கும்போது உடுப்புப் பெட்டியை எறிந்துவிட்டு, ஒப்பந்தத்தையும் சம்பளச் சிட்டைகளையும் சேர்ட்டுக்குள் செருகிக்கொண்டு வந்தார். அவருக்குச் சம்பள இழப்பும் கிடைத்தது. அவரோடு வந்த நண்பருக்கு நிலையான தொகை மாத்திரமே கிடைத்தது.

ஆகவே ஒப்பந்தத்தின் பிரதியொன்றை அம்மாவிடமோ மனைவியிடமோ கணவரிடமோ கொடுத்துவிட்டு விமானமேறுங்கள். வீட்டு அலுமாரிக்குள் அது பத்திரமாக இருக்கட்டும்.