முதலில் புஷ், கடைசியில் ஸ்பிரிங்

தென்காசியிலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744, புளியரையைத் தாண்டியதும் மலையேறத் தொடங்குகிறது. கேரள எல்லையான கோட்டைவாசலுக்கு முன்னால் வரும் 'எஸ்' வளைவை இந்தப் பக்கத்து ஓட்டுநர்கள் எல்லோரும் அறிவார்கள். வண்டியின் அடியில் என்ன குறை இருந்தாலும் அந்த வளைவு காட்டிக்கொடுத்துவிடும். சமதளத்தில் சத்தமில்லாமல் ஓடிய கார் அங்கே 'டக் டக்' என்று தட்டும். ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். தென்காசிப் பட்டறைகளுக்கு வேலை கொண்டுவருவதில் இந்த மலைச்சாலைக்குப் பெரிய பங்கு உண்டு. ஜூன் முதல் குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால், ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் போகும் வண்டிகளும் சேர்ந்துகொள்ளும்.

இந்த ஊர்களில் இளைஞர்கள் சிலர் பழைய மாருதி 800 கார்களை வாங்கி, வளைவுகளில் ஸ்போர்ட்ஸ் கார் போல ஓட வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். கையில் இருக்கும் பணமோ கொஞ்சம். அந்தக் கொஞ்சப் பணத்தை எங்கே செலவழித்தால் பலன் கிடைக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் பட்டறைகளுக்குப் போனேன்.

முதலில் பார்த்தது பட்டை (லீஃப் ஸ்பிரிங்) வேலை செய்யும் இடம். லாரி, மினி லாரிகளின் பட்டைக் கட்டைக் கழற்றி, தளர்ந்துபோன பட்டைகளைச் சம்மட்டியால் அடித்து மறுபடி வளைவு ஏற்றுகிறார்கள். இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாறி மாறி அடிக்கிறார்கள். ஒவ்வொரு அடியும் முந்தைய அடிக்குச் சற்றுத் தள்ளி விழ வேண்டும். ஒரே இடத்தில் விழுந்தால் அந்த இடம் மட்டும் மடிந்து, பிற்பாடு அங்கேயே ஒடியும். அடித்து முடித்த பட்டையை அடுத்த பட்டையின் மேல் வைத்து, இடைவெளியைக் கண்ணாலேயே பார்த்துச் சரி என்கிறார்கள். பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. கனம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். இந்தச் சூத்திரத்தை அவர்கள் படித்ததில்லை. ஆனால் கூடுதலாக ஒரு பட்டை போடும்போது எந்தக் கனம், எவ்வளவு நீளம் என்று கையில் எடுத்துப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள். ஒடிந்த பட்டையும் வீணாவதில்லை. நெல்லைச் சீமை அருவாளுக்குக் கொல்லர்கள் தேடுவது இந்த இரும்பைத்தான்.

கார் பட்டறையில் வேலை வேறு விதம். அங்கே மூத்தவரை எல்லோரும் அண்ணாச்சி என்கிறார்கள். நான் போயிருந்தபோது ஒரு தம்பி வெள்ளை மாருதி 800 ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"அண்ணாச்சி, ஸ்பிரிங்ல ஒரு சுத்து வெட்டிக் குடுத்தா வண்டி நல்லா உக்காருமே?"

"உக்காரும். பெறவு எந்திரிக்காது" என்றார் அண்ணாச்சி. "ஸ்பிரிங்க கடைசில பாப்போம். மொதல்ல கீழ என்ன ஆடுதுன்னு பாரு."

முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் கையால் பிடித்து ஆட்டினார். பிறகு லோயர் ஆர்முக்கும் சேஸிஸுக்கும் நடுவில் லிவரைக் கொடுத்து நெம்பினார். அவற்றை இணைக்கும் ரப்பர் புஷ் வெடித்து, நடுவிலிருந்த இரும்புக் குழல் தனியாக அசைந்தது. பால் ஜாயின்ட்டின் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் செம்மண் இருந்தது. சாரல் காலத்தில் தண்ணீரும் மண்ணும் உள்ளே போனால் சீசன் முடிவதற்குள் ஜாயின்ட் தேய்ந்துவிடும் என்றார். முன் ஸ்டெபிலைசர் பாரின் இரு முனைகளிலும் இருந்த புஷ்களும் கரைந்திருந்தன. மாருதி 800இல் அந்தக் கம்பிக்கு இரண்டு வேலை: வண்டி சாயாமல் தடுப்பது ஒன்று, லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்வது மற்றொன்று. புஷ் போனால் பிரேக் அடிக்கும்போது சக்கரமே இடம் மாறும். வண்டி ஒரு பக்கம் இழுக்கும். எவ்வளவு விலையுயர்ந்த ஸ்பிரிங் போட்டாலும் இந்தக் குறை தீராது. இதைச் சரிசெய்யும் ரப்பர் துண்டுகளுக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான்.

அடுத்தது ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங் பள்ளத்தின் அதிர்வை வாங்கிச் சேமித்துத் திருப்பித் தருகிறது. ஷாக் அப்சார்பர் அந்த ஆட்டத்தைச் சிறு துளைகள் வழியாக எண்ணெயை நெருக்கி, வெப்பமாக்கிக் கரைத்துவிடுகிறது. எண்ணெய் கசிந்துவிட்டால் சக்கரம் சாலையில் நிலையாக ஊன்றாமல் துள்ளிக்கொண்டே ஓடும். டயரின் மேல் மேடும் பள்ளமுமாகத் தேய்மானம் விழுந்திருந்தால் அதுவே அடையாளம். அண்ணாச்சி எதையும் அளப்பதற்கு முன் நான்கு டயர்களையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். எந்தப் பக்க ஷாக் போயிருக்கிறது என்று அதிலேயே சொன்னார். கழற்றியபோது அந்தப் பக்கத்து ஷாக்தான் எண்ணெயில் நனைந்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் மாற்ற அவர் சம்மதிக்கவில்லை. மாற்றினால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். இல்லையென்றால் மலை இறக்கத்தில் வண்டி இடது வளைவில் ஒரு விதமாகவும் வலது வளைவில் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும் என்றார்.

ஸ்பிரிங்கை வெட்டுவது ஏன் தவறு என்பதை இங்கே விளக்கமாகச் சொல்ல வேண்டும். சுருள் ஸ்பிரிங்கில் வேலை செய்யும் சுற்றுகள் குறையக் குறைய அது விறைக்கும். ஐந்து சுற்றில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 25 சதவீதம் கூடும். பழைய ஷாக் அப்சார்பர் அந்த விறைப்பை அடக்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. வண்டி தாழ்வதால் சக்கரம் மேலே போவதற்கான இடமும் குறைகிறது. வளைவின் நடுவில் பள்ளம் வந்தால், வெளிப்பக்கச் சக்கரம் ரப்பர் முட்டில் போய் மோதி, டயர் சட்டென்று பிடி விடும். கேஸ் வெல்டிங்கில் வெட்டினால் அந்த வெப்பத்தில் இரும்பின் பதமும் கெடும்.

எடை குறைந்த காருக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மாருதி 800இன் எடை சுமார் 650 கிலோ. 65 கிலோ எடையுள்ள நான்கு பேர் ஏறினால் 260 கிலோ, அதாவது காரின் எடையில் 40 சதவீதம். 1,500 கிலோ காருக்கு அதே நான்கு பேர் 17 சதவீதம்தான். ஓட்டுநர் தனியாகப் போகும்போது சுகமாக இருக்கும் ஸ்பிரிங், குடும்பத்தோடு குற்றாலம் போகும்போது அடி தட்டும். காலின் சாப்மன் 1957இல் கொண்டுவந்த லோட்டஸ் செவனும், 1989இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 காரும் இரண்டு பேருக்கு மட்டுமே ஆனவை. அதனால் அவற்றுக்கு ஸ்பிரிங் தேர்ந்தெடுப்பது எளிது. நான்கு பேர் ஏறும் சிறிய காரில் அந்தச் சுதந்திரம் இல்லை. அலங்காரத்துக்காகப் பெரிய, கனமான அலாய் சக்கரம் மாட்டுவதும் இந்தக் காரைத்தான் அதிகம் கெடுக்கும். ஸ்பிரிங்குக்குக் கீழே, சக்கரத்தில் கூடும் ஒவ்வொரு கிலோவையும் ஷாக் அப்சார்பர்தான் அடக்கியாக வேண்டும்.

மலிவான பாகங்களிலிருந்து நல்ல பந்தயக் கார் செய்யலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்னோடி இருக்கிறார். கோயம்புத்தூரின் எஸ். கரிவரதன், இதே மாருதி 800இன் எஞ்சினை வைத்து, ஒருவர் மட்டும் அமரும் ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கினார். வெளிநாட்டுக் கார் வாங்க வசதியில்லாத இளைஞர்களுக்கு அது கதவைத் திறந்தது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் ஃபார்முலா மாருதியில் ஓட்டியவர்தான். 1995இல் விமான விபத்தில் கரிவரதன் மறைந்தார். கோவை செட்டிப்பாளையத்தின் பந்தயத் தடம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மாலையில் அண்ணாச்சியின் பட்டறையில் தம்பியின் காருக்கு வேலை முடிந்தது. புதிய புஷ்கள், பால் ஜாயின்ட், முன்பக்கம் இரண்டு ஷாக், கடைசியாக வீல் அலைன்மென்ட். ஸ்பிரிங் பழையதுதான். புஷ் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழுதாக முறுக்காமல், சக்கரம் தரையில் ஊன்றிய பிறகே முறுக்கினார்கள். தொங்கும்போது இறுக்கினால், வண்டி நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுகியபடியே இருந்து சீக்கிரம் வெடித்துவிடும். புத்தகத்தில் இருக்கும் இந்த விதியை அவசரத்தில் பலர் விட்டுவிடுவார்கள். இங்கே வேலை பழகும் பையன்கூட மறக்கவில்லை.

தம்பியோடு நானும் புளியரை ஏறினேன். 'எஸ்' வளைவில் தட்டல் இல்லை. பிரேக்கை அழுத்தியபோது கார் நேராக நின்றது. வளைவில் கொஞ்சம் சாய்ந்தது உண்மை. ஆனால் ஒரே சீராகச் சாய்ந்து, ஒரே சீராக நிமிர்ந்தது. வேகம் முன்பு போலத்தான். ஓட்டுபவனுக்குக் காரின் மேல் நம்பிக்கை வந்திருந்தது. மலைச்சாலையில் அதுதான் வேண்டும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. தேய்ந்த பாகத்துக்குப் பதிலாகத் தரமான அதே பாகத்தைப் போடுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

பழைய சிறிய கார் வைத்திருக்கும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இது: நல்ல டயரும் சரியான காற்றும் இருந்தால், முதலில் புஷ், பால் ஜாயின்ட், அடுத்து ஜோடியாக ஷாக் அப்சார்பர், பிறகு அலைன்மென்ட். இவ்வளவும் முடிந்த பின்னும் குறை தெரிந்தால் மட்டும் ஸ்பிரிங்கைப் பற்றி யோசியுங்கள். பாகத்துக்குப் பேரம் பேசாமல் கொடுக்கும் பணத்தை, அதை மாட்டுகிறவரின் கூலியில் குறைக்காதீர்கள். அனுபவத்தால் கற்ற தொழிலாளருக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தரும் அரசுத் திட்டங்கள் இருக்கின்றன. அவை தென்காசிப் பட்டறைகளைத் தேடி வர வேண்டும். இவர்கள் கையில் இருக்கும் அறிவுக்கு ஒரு தாளும் அதற்கேற்ற சம்பளமும் கிடைத்தால்தான், வேலை பழகும் பையன்கள் இந்தத் தொழிலில் நிலைப்பார்கள்.