இரவுப் பதிவேடு

காந்த அறைக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கும். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் உள்ளே வரக்கூடாது; சாவி, கைபேசி, வங்கி அட்டை கொண்டுவரக்கூடாது. எங்களுக்கு அந்தப் பட்டியல் இன்னும் கொஞ்சம் நீளும்: துப்பட்டாவில் குத்திய ஊக்கு, கொண்டையில் செருகிய ஹேர்பின். எஃகை இழுக்கும் காந்தம் தங்கத்தை இழுக்காது. “தாலிக்கு மட்டும் விலக்கு” என்று சீனியர் அக்கா சிரிப்பார்.

நான் ஆய்வு மாணவியாக அங்கே செய்தது என்.எம்.ஆர்., அதாவது அணுக்காந்த ஒத்ததிர்வு வழியாகப் புரதங்களைப் படிப்பது. பாக்டீரியாவில் வளர்த்துச் சுத்தம் செய்த புரதம், அரை மில்லிலிட்டர் கரைசலாக, பென்சிலைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயில் 800 மெகாஹெர்ட்ஸ் கருவிக்குள் இறங்கும். அதன் காந்தப்புலம் 18.8 டெஸ்லா, பூமியின் புலத்தைப் போல மூன்று லட்சம் மடங்குக்கும் மேல். ரேடியோ அலையால் ஒரு தட்டுத் தட்டினால் அணுக்கருக்கள் பதில் சொல்லும். அந்தப் பதில் திரையில் புள்ளிகளாக விழும்; பெரும்பாலும் ஓர் அமினோ அமிலத்துக்கு ஒரு புள்ளி. மருந்து மூலக்கூறு ஒன்றைச் சேர்த்ததும் எந்தப் புள்ளிகள் நகர்கின்றன என்று பார்த்தால், அது புரதத்தில் எங்கே ஒட்டுகிறது என்பது தெரியவரும்.

பதில் மிக மெல்லியது. இரைச்சலுக்கு மேல் அதை இரண்டு மடங்கு தெளிவாகக் கேட்க, நான்கு மடங்கு நேரம் அளக்க வேண்டும். சில சோதனைகள் இரண்டு மூன்று நாள் ஓடும். அதற்குள் புரதம் திரிந்து வெண்மையாகப் படிந்துவிடலாம். கார்பன்-13 குளுக்கோஸ் கொடுத்து வளர்த்த புரதம் என்றால் செலவும் அதிகம். யாராவது பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

எனக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கும். பெண்கள் விடுதி கேட் பத்து மணிக்குப் பூட்டப்படும். ஆண்கள் விடுதிக்குப் பூட்டே கிடையாது. ஒவ்வொரு முறையும் நெறியாளரின் கையெழுத்து, வார்டனின் கையெழுத்து, “ராத்திரியில் அப்படி என்னம்மா வேலை?” என்ற கேள்வி. ஆய்வகத் தோழன் நல்லவன். “நீ போ, நான் போட்டுவிடுறேன்” என்பான். போட்டும் விடுவான். பதிவேட்டில் இயக்கியவர் என்ற இடத்தில் அவன் பெயர் இருக்கும். வருடக் கடைசியில் அதைப் புரட்டிய ஒருவர், பெண்கள் இரவில் வேலை செய்ய விரும்புவதில்லை போலிருக்கிறது என்றார்.

உயிர்மூலக்கூறுகளுக்கு இந்த முறையைக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர் மில்ட்ரெட் கோன் (1913–2009). கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1938இல் முனைவர் பட்டம் பெற்றவர். பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிறருடைய ஆய்வகங்களில் உதவிநிலை ஆய்வாளர். செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யின் மூன்று பாஸ்பரஸ் அணுக்களும் என்.எம்.ஆரில் தனித்தனியாகத் தெரிவதையும், மெக்னீசியம் சேர்ந்தால் அவை இடம் மாறுவதையும் 1960களின் தொடக்கத்தில் காட்டினார். 1982இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் பெற்றார். பாடத்தில் ஏ.டி.பி.யைப் பல முறை படித்தேன். அவர் பெயரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நாங்கள் நான்கு பேர் ஒரு முடிவுக்கு வந்தோம். பத்து மணிக்குப் பிறகு கேட் திறக்காதென்றால், திறக்கும் காலை ஆறு மணிவரை கருவி அருகிலேயே இருப்போம். கட்டுப்பாட்டு அறையில் பாய், பிளாஸ்க், முறுக்கு. இரண்டு பேர் தூங்க, இரண்டு பேர் திரையைப் பார்ப்போம். அம்மா போனில், “தனியாவா இருக்கே?” என்பாள். “இல்லம்மா, நாலு பேர்” என்பேன். கூடவே, பதிவேட்டின் நகல்களை இணைத்து நிர்வாகத்துக்கு மனு கொடுத்தோம். ஏழு மாதம் கழித்து, ஆய்வு மாணவிகளுக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை என்று எழுத்தில் வந்தது.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் சோதனையை நீங்களே தொடங்குங்கள். பதிவேட்டில் தொடங்கிய நேரத்தையும் முழுப்பெயரையும் எழுதுங்கள். நாளை யாராவது அதைப் புரட்டிப் பார்ப்பார்கள்.