நிக் டிரேக்கின் அம்மா

கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, தானே எழுதிய பாட்டை அடிக்குரலில் பாடும் இளைஞர்களை இன்று எந்த மொழியிலும் பார்க்கலாம். இண்டி இசை என்கிறோம். யாரைக் கேட்டு வளர்ந்தீர்கள் என்று அவர்களிடம் விசாரித்தால், சுற்றிச் சுற்றி ஒரு பெயர் வரும்: நிக் டிரேக். 1974 நவம்பரில், 26 வயதில் இறந்துபோன ஆங்கிலேயர். வெளியிட்டது மூன்றே ஆல்பங்கள். உயிரோடு இருந்தவரை அவற்றை வாங்க ஆள் இல்லை.

நான் அவரைக் கேட்கத் தொடங்கிய நாளிலிருந்து, அவரைப் பற்றி எதைப் படித்தாலும் ஒரே விளக்கம்தான் கிடைத்தது. கூச்சம், தோல்வி, மனச்சோர்வு, இளவயதுச் சாவு. அந்த வேதனைதான் பாட்டாக வழிந்தது என்று எழுதுகிறார்கள். இது எனக்கு ஒப்பவே இல்லை. மனச்சோர்வு யாருக்கும் கார்டு (சுரக்கூட்டு) சொல்லிக்கொடுக்காது. 1969-இல் 'ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்' வந்தபோது அவருக்கு வயது 21. அதில் 'ரிவர் மேன்' பாட்டு ஐந்து எண்ணிக்கைத் தாளத்தில் ஓடுகிறது. கேட்பவருக்கு அது ஐந்து என்பதே உறைக்காத அளவுக்கு இயல்பாக ஓடுகிறது. அந்த வயதில் அந்தப் பக்குவம் வருவதற்குப் பின்னால் ஒரு வளர்ப்பு இருந்தாக வேண்டும்.

கிட்டாரைப் பொறுத்தவரை வழி தெளிவாகவே இருக்கிறது. மார்ல்பரோ கல்லூரி என்ற உறைவிடப் பள்ளியில் பியானோ, கிளாரினெட், சாக்ஸபோன் எல்லாம் வாசித்தவர், 1965-இல் 13 பவுண்டுக்கு ஒரு கிட்டார் வாங்கினார். வீட்டில் அவர் பாடிப் பதிந்து வைத்திருந்த நாடாக்கள் 2007-இல் 'ஃபேமிலி ட்ரீ' என்ற பெயரில் வெளிவந்தன. பாப் டிலன், பெர்ட் ஜான்ஷ், ஜாக்சன் சி. ஃபிராங்க் ஆகிய கிட்டார் பாடகர்களின் பாட்டுகளை அவற்றில் பாடிப் பழகியிருக்கிறார். விரல் எங்கிருந்து பழகியது என்பது இதில் புரிந்துவிடுகிறது. ஆனால் அந்த மெட்டுகள், சந்தோஷமும் துக்கமும் பிரித்தறிய முடியாதபடி கலந்து நிற்கும் அந்த கார்டுகள் டிலனிடம் இல்லை, ஜான்ஷிடமும் இல்லை.

விடை 2013-இல் இன்னொரு ஆல்பமாக வந்தது. பெயர் 'மோலி டிரேக்'. நிக்கின் அம்மா. 1950-களில் வீட்டு ஹாலில் பியானோ முன் உட்கார்ந்து, தானே எழுதி மெட்டமைத்துப் பாடிய பாட்டுகள். எந்த மேடையிலும் பாடப்படாதவை. கணவர் ராட்னி டிரேக் பொறியாளர். டேப் ரெக்கார்டர் வாங்கி வைத்திருந்தவர். மனைவி பாடியதை அவர்தான் பொறுமையாகப் பதிந்து வைத்தார். அந்த அம்மாள் 1993-இல் காலமாகி இருபது ஆண்டுகள் கழித்துத்தான் உலகம் அவற்றை ஒரு தொகுப்பாகக் கேட்டது. நிக்கின் முதல் இரண்டு ஆல்பங்களைத் தயாரித்த ஜோ பாய்டு, நிக்கின் இசைக்கு மூலம் இந்தப் பியானோ கார்டுகளில்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். முதல் பாட்டைக் கேட்டதுமே எனக்கும் அதுதான் தோன்றியது. அதே தயங்கிய குரல், அதே முடிவைத் தள்ளிப்போடும் மெட்டு. ஒரு வரியை உரக்கச் சொல்ல வேண்டிய இடத்தில் இருவருமே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

மோலி பிறந்தது 1915-இல், ரங்கூனில். நிக் பிறந்ததும் அங்கேதான், 1948-இல். ரங்கூன் என்ற பெயர் நம்மில் எத்தனையோ குடும்பங்களின் பேச்சில் புழங்கிய பெயர். 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது, நம் மக்கள் பல்லாயிரம் பேர் காடும் மலையும் கடந்து நடந்தே இந்தியா வந்தார்கள். அதே போரில் மோலியும் சகோதரி நான்சியும் டெல்லிக்கு வந்து சேர்ந்தார்கள். அகில இந்திய வானொலியில் இருவரும் 'லாய்டு சகோதரிகள்' என்ற பெயரில் பாடினார்கள். போருக்குப் பின் பர்மா திரும்பினார்கள். பிறகு 1950-களின் தொடக்கத்தில் குடும்பம் இங்கிலாந்துக்குப் போய், வார்விக்‌ஷயரில் டேன்வொர்த்-இன்-ஆர்டன் என்ற கிராமத்தில் குடியேறியது. மோலியின் பாட்டுகளில் ஒன்றின் தலைப்பு 'லிட்டில் வீவர் பேர்ட்'. தூக்கணாங்குருவி! வார்விக்‌ஷயர் மரங்களில் அது கூடு கட்டுவதில்லை. பர்மாவிலிருந்து அந்த அம்மாள் கூடவே கொண்டுபோன குருவி அது என்றுதான் நான் நினைக்கிறேன்.

என் வாதத்துக்கு முக்கியமான இடம் இதுதான். மோலியின் பாட்டுகளிலும் துக்கம் இருக்கிறது. காலம் போய்விடும், கிடைத்தது நிலைக்காது என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறது. 'ஐ ரிமெம்பர்' என்ற பாட்டில் ஒரே அனுபவத்தை இருவர் வெவ்வேறு விதமாக நினைவு வைத்திருக்கிறார்கள்; அதைப் பெரிய நாவலாசிரியர் கையாளும் நிதானத்தோடு சொல்கிறார். ஆனால் அவர் குடும்பம் நடத்தி, மகளையும் மகனையும் வளர்த்து, முதுமைவரை வாழ்ந்தவர். அந்தத் துக்கம் அவருக்கு ஒரு பாட்டு முறை. பார்த்துப் பார்த்துச் செய்த தொழில். மகன் அதைத்தான் கற்றுக்கொண்டார். நோயின் அறிகுறி என்று நாம் படித்துக்கொண்டிருப்பது உண்மையில் அம்மாவிடம் எடுத்த பாடம்.

கிட்டார் தெரிந்தவர்கள் இதைக் கையாலேயே சோதிக்கலாம். 'பிங்க் மூன்' பாட்டுக்கு நிக் தந்திகளை வேறு மாதிரி கூட்டுவார். வழக்கமான ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்பதை சி, ஜி, சி, எஃப், சி, ஈ என்று மாற்றுவார். இரண்டாம் கட்டையில் தந்திகளைப் பிடித்துக்கொள்ளும் கேப்போ என்ற கவ்வி. தடித்த தந்தி நன்றாகத் தளர்ந்து, பியானோவின் இடது கைப் பக்கம்போல முழங்கும். எஃப் தந்தியும் ஈ தந்தியும் சேர்ந்து ஒலிக்கும்போது கார்டு முடிந்ததா முடியவில்லையா என்று தெரியாது. நான் அப்படிக் கூட்டி, எதையும் அழுத்தாமல் ஒருமுறை மீட்டியபோது கேட்டது மோலியின் பியானோ. சாதாரணமாகக் கூட்டிய கிட்டாரில் கிடைக்காத அம்மாவின் கார்டுகளைத் தேடித்தான் அவர் தந்திகளைத் திருகிக்கொண்டிருந்தார் என்பது என் முடிவு.

வீட்டில் காது பழகியிருந்ததால்தான் வெளியே உறுதி வந்தது. அதிகம் பேசாத அந்தப் பையன், முதல் ஆல்பத்துக்கு ஏற்பாடு செய்திருந்த அனுபவசாலியின் இசைக்கோர்ப்பு பிடிக்காமல், கேம்பிரிட்ஜில் உடன் படித்த ராபர்ட் கிர்பியைத்தான் எழுத வைக்க வேண்டும் என்று நின்றார். கிர்பிக்கு அதுவரை ஸ்டூடியோ அனுபவமே கிடையாது. 'வே டு ப்ளூ' கேட்டுப் பாருங்கள். கிட்டாரே இல்லை, தந்தி வாத்தியங்களும் குரலும் மட்டும். மூன்றாவது ஆல்பமான 'பிங்க் மூன்' 1971 அக்டோபரில் இரண்டே இரவுகளில், ஒலிப்பதிவாளர் ஜான் வுட்டை மட்டும் வைத்துக்கொண்டு பதிவானது. மொத்தம் 11 பாட்டு, அரை மணி நேரம்கூட இல்லை. கிட்டாரும் குரலும்தான். மேலே சேர்த்த ஒரே வாத்தியம், தலைப்புப் பாட்டில் சில நொடிகள் வரும் பியானோ. அதை வாசித்ததும் அவரேதான்.

இரண்டாவது ஆல்பத்தில் நிக் 'புவர் பாய்' என்று ஒரு பாட்டு வைத்தார். மோலியிடம் 'புவர் மம்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. அது 'ஃபேமிலி ட்ரீ'யில், மகனின் பாட்டுகளுக்கு நடுவே இருக்கிறது. அம்மாவும் மகனும் பாட்டிலேயே பேசிக்கொண்ட வீடு அது. நோய் முற்றியபோது நிக் திரும்பிவந்ததும் அந்த வீட்டுக்குத்தான், இறந்ததும் அங்கேதான். பாட்டு எழுதுகிறவர்களின் முன்னோடிகள் பட்டியலில் டிலனுக்கும் ஜான்ஷுக்கும் முன்னால் மோலி டிரேக்கின் பெயரை எழுத வேண்டும் என்பேன்.

நிக் டிரேக்கை இனிமேல்தான் கேட்கப்போகிறீர்கள் என்றால், எல்லோரும் சொல்வதுபோல 'பிங்க் மூன்'-இல் தொடங்காதீர்கள். முதலில் அம்மாவின் ஆல்பத்தைக் கேளுங்கள். பிறகு 'ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்'.