பட்டவர் சொல்

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பர் நம்மவர்.

2018-ஆம் ஆண்டில், 17 வயதான என் தங்கை உணவைக் கண்டு அஞ்சலானாள். பருக்கைகளை எண்ணி உண்டாள், எலும்பும் தோலுமானாள். பேய்க்கோளாறு என்று உறவினர் கயிறு கட்டினர். மருத்துவமனையிலோ தராசே நீதிபதி. எடை கூடியதும், "குணமாயிற்று" என்று அனுப்பிவிட்டனர். "அண்ணா, உடம்பு தேறியது, அச்சம் போகவில்லை. அதை ஒருவரும் கேட்கவில்லையே!" என்று அழுதாள் அவள்.

1873-ல் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் இந்நோய்க்கு அனோரெக்ஸியா நெர்வோசா எனப் பெயரிட்டார். பின் நெடுங்காலம் நோயுற்றோர் ஆராயப்படும் பொருளாயினரேயன்றி, எதை ஆராய்வதென்று கேட்கப்பட்டாரில்லை. ஹாலந்து நாட்டினர் வேறு வழி கண்டனர். நோயுற்றோரும் குடும்பத்தாரும் மருத்துவரும் கூடித் தேர்ந்த பத்து ஆராய்ச்சி வினாக்கள் 2016-ல் வெளியாயின.

சென்ற ஆண்டு என் தங்கையையும் ஓர் ஆராய்ச்சிக் குழுவினர் அழைத்தனர். "ஊரறிந்தால் உன்னை யார் பெண் கேட்பார்?" என்று அம்மா கலங்கினார். "நோய் குற்றமன்று, அம்மா" என்று கூறிப் புறப்பட்டாள் தங்கை. அவர்கள் காட்டிய வினாத்தாளில் உணவையும் எடையையும் பற்றி ஒன்பது கேள்விகள் இருந்தன, அச்சத்தைப்பற்றி ஒன்றுமில்லை. பத்தாவது கேள்வியை அவள் எழுதினாள்.

அன்பர்களே! கூட்டத்துக்கு அழகு சேர்க்க அழைப்பது அழைப்பன்று. துன்பக் கதையைக் கேட்டுக்கொண்டு வெறுங்கையோடு அனுப்புவது அறமுமன்று. உழைப்புக்குக் கூலி வேண்டும். முடிவு செய்வதில் பங்கும் வேண்டும். பட்டவர் அறிவும் அறிவே. அதைப் புறக்கணிக்கும் ஆராய்ச்சி பாதி ஆராய்ச்சியே.