புளியங்கட்டையில் ஒரு கொட்டாப்புளி

தோல் வேலைக்கு இரும்புச் சுத்தியல் ஆகாது என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. 600 ரூபாய் கொடுத்து வாங்கிய, நான்கு பல் வைத்த துளை போடும் உளியின் தலை காளான் மாதிரி விரிந்தது. அதன் ஓரத்திலிருந்து ஒரு சில்லு பெயர்ந்து என் மூக்குக் கண்ணாடியில் வந்து பட்டது. அதற்குப் பிறகு நானே தெரிந்துகொண்டேன்.

எழுபதைத் தாண்டிய பிறகு உமக்கு எதற்கய்யா தோல் வேலை என்று கேட்பீர்கள். எல்லாம் என் ஆபீஸ் பையால் வந்தது. 1976-இல், வேலையில் சேர்ந்து மூன்றாவது வருடம் வாங்கிய பை அது. புதுச்சேரியில் எத்தா சிவில் என்று இன்றும் பழைய ஆட்கள் சொல்கிற பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுப் பிரிவில் எனக்கு எழுத்தர் வேலை. பழைய பதிவேடுகள் பிரெஞ்சில் இருந்ததால், பிரெஞ்சுப் பள்ளியில் படித்து வந்த என்னைப் போன்றவர்களுக்கு அங்கே ஒரு நாற்காலி கிடைத்தது. 2010-இல் ஓய்வு பெறும்வரை 34 வருடம் அந்தப் பை என்னோடு சைக்கிளில் வந்தது. அதன் பிறகும் பென்ஷன் காகிதம், மருந்துச் சீட்டு என்று அதற்கு வேலை இருந்துகொண்டுதான் இருந்தது. போன மழைக்காலத்தில் அடிப்பக்கத் தையல் முழுவதும் விட்டுப்போயிற்று. இரண்டு கடைகளில் காட்டினேன். இரண்டிலும் ஒரே பதில்: "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க சார்."

பேரன் கைப்பேசியில் சில படங்களைக் காட்டினான். தோலில் முதலில் உளியை வைத்து அடித்து வரிசையாகத் துளை போடவேண்டும். பிறகு ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரு பக்கமிருந்தும் மாற்றி மாற்றி இழுக்கவேண்டும். இது நம்மால் ஆகும் என்று தோன்றியது. வீட்டில் இருந்த சுத்தியலை எடுத்தேன். உளி கெட்ட கதை அப்படித்தான் நடந்தது.

அடுத்து, டைல்ஸ் போடுகிறவர்கள் தட்டுகிற ரப்பர் சுத்தியலை இரவல் வாங்கிப் பார்த்தேன். உளியின் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை, தோலுக்கும் ஒன்றும் ஆகவில்லை! அடி பந்து மாதிரி எகிறி என் மணிக்கட்டுக்கே திரும்பி வந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும். எகிறவும் கூடாது, உளியை நசுக்கவும் கூடாது. மரம்தான் சரி.

பள்ளிக்கூடத்தில் மர்த்தோ என்றால் இரும்புச் சுத்தியல், மையே என்றால் மரச் சுத்தியல் என்று இரண்டு சொல்லாகப் படித்தவன் நான். திக்தே எழுதும்போது இரண்டையும் எழுத்துப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறேன். ஏன் இரண்டு சொல் என்று மட்டும் ஒருநாளும் யோசித்ததில்லை. தமிழில் அதற்குக் கொட்டாப்புளி என்று அருமையான பெயர் இருப்பதை எங்கள் தெருத் தச்சர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இணையத்தில் தோல் வேலைக்கென்று விற்கிற ஒன்றின் விலையைப் பார்த்தேன், 1,800 ரூபாய். உடனே மூடிவிட்டேன்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் ஊரைப் புரட்டிப் போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். பக்கத்து மனையில் விழுந்த புளியமரத்தின் இரண்டு துண்டுகளை அப்போது கேட்டு வாங்கி வைத்திருந்தேன். எதற்கு என்று அன்று எனக்கே தெரியாது. எதையும் எறிய மனம் வராத குமாஸ்தா புத்திதான். மாடிப்படிக்குக் கீழே இத்தனை வருடம் கிடந்து நன்றாகக் காய்ந்திருந்தன. புளியங்கட்டையின் அருமையைக் கறிக்கடையில் பாருங்கள். தினமும் கத்தி விழுந்தும் வருடக்கணக்கில் தாங்குகிறது. கெட்டியான, கனமான மரம்.

முதலில் செய்தது இரண்டாம் நாளே பிளந்துவிட்டது. கை மணிக்கட்டு கனமுள்ள கிளையில் அப்படியே நாலு அங்குலம் அறுத்து, நடுவில் துளை போட்டு, பிடியைச் செருகி ஆப்பு அடித்திருந்தேன். பிளந்ததைத் தச்சரிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "ஐயா, ஆப்ப நாரோட போட்டா கட்ட பொளக்காம என்ன செய்யும்?" என்றார்.

விஷயம் இதுதான். கட்டையின் நார் ஒரு முகத்திலிருந்து மறுமுகத்துக்கு ஓடுகிறது. ஆப்பு அந்த ஓட்டத்துக்குக் குறுக்காக நின்றால் பிடி இரண்டு முகங்களையும் நோக்கி விரிந்து இறுகும். நாரோடு சேர்ந்து நின்றால் விறகு பிளக்கிற வேலையைத்தான் செய்யும். இன்னொரு தப்பையும் அவர் காட்டினார். கிளையின் நடுமையத்தை உள்ளே வைத்து அறுத்தால், வெடிப்பு அங்கிருந்துதான் புறப்படும். ஆகவே தொடை கனமுள்ள மற்றத் துண்டில் மையத்தை ஒதுக்கி, ஒரு பக்கமாக அறுத்தோம்.

இரண்டாவது கட்டை மூன்று அங்குலக் குறுக்களவு, நாலு அங்குல நீளம். அரத்தால் ராவி உருட்டாக்க எனக்கு மூன்று மாலைகள் ஆயின. ஒரு அங்குலத் துளையைத் தச்சரே போட்டுக் கொடுத்தார். பிடிக்குக் கொல்லைக் கொய்யாவில் ஒரு கிளை. சிறு வயதில் கவட்டை செய்த மரம், லேசில் முறியாது. பிடியின் நுனியை வாளால் கீறி, இந்த முறை ஆப்பைக் குறுக்காக வைத்து அடித்தேன். ஆளிவிதை எண்ணெய் இரண்டு தடவை பூசினேன். தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், அது காயாமல் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். ஒரு முகத்தில் மட்டும் தோல் துண்டு ஒன்றைப் பெவிகால் வைத்து ஒட்டினேன், மதியத் தூக்கத்தில் சத்தம் கேட்டால் வீட்டில் சண்டை வரும் என்பதற்காக. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், பிடியோடு 480 கிராம். செலவு, தச்சர் வேண்டாம் என்று சொன்ன 50 ரூபாயையும் சேர்த்து, 130 ரூபாய்.

சண்டை வேறு வழியில் வந்தது. அடிப்பதற்குக் கீழே அசையாத கல் வேண்டும். மிக்சி வந்தபிறகு கொல்லையில் கிடந்த அம்மியின் மேல் பிளாஸ்டிக் பலகையைப் போட்டுக்கொண்டேன். கல்லில் நேராக அடித்தால் உளியின் பல் போய்விடும். "அம்மியிலயா தோலை வச்சு அடிக்கிறீங்க?" என்று வீட்டம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் குழவியை மட்டும் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். கல் எனக்கு, குழவி அவளுக்கு.

அவளைச் சொல்லி என்ன? என் பாட்டி இருந்தவரை இந்தப் பை திண்ணை ஆணியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. கை கால் கழுவிய பிறகுதான் எனக்கே அனுமதி. நானும் அதை வழக்கம் என்று விட்டுவிட்டேன்.

80-களில் பையின் கைப்பிடி ஒருமுறை பிய்ந்தது. பெரிய வாய்க்கால் ஓரம் மரத்தடியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் தைத்துக் கொடுத்தார். அவரிடம் இதே போன்ற மரக்கட்டை ஒன்று இருந்தது. ஒரே மரத்தில் தலையும் பிடியுமாகக் கடைந்தது. அடித்து அடித்து ஒரு பக்கம் குழி விழ, மறுபக்கம் திருப்பி அடித்துக்கொண்டிருந்தார். நான் சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலை ஊன்றிக்கொண்டு அவசரப்படுத்தினேன். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர், என்னை 'ஐயா' என்றார்; நான் அவரை 'ஏம்ப்பா' என்றேன். காசை அவர் கையில் கொடுக்கவில்லை. விரித்திருந்த சாக்கின் மேல் போட்டேன்.

அதன் பிறகும் செருப்புக்கு, குடைக்கு என்று பல தடவை அவரிடம் போயிருக்கிறேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஊரார் பெயரை, அவர்கள் தகப்பனார் பெயரை, ஓர் எழுத்து மாறாமல் எழுதுவதற்கு மாதச் சம்பளம் வாங்கியவன் நான்.

அடிப்பக்கம் இப்போது முடிந்துவிட்டது. என் தையல் கொஞ்சம் கோணல், ஆனால் இழுத்துப் பார்த்தேன், நிற்கிறது. விட்டுப்போனது கம்பெனியில் இயந்திரம் போட்ட தையல். அதில் ஓர் இடத்தில் நூல் அறுந்தால் பக்கத்தில் உள்ளதும் தளர்ந்துகொண்டே போகும். இரண்டு ஊசித் தையலில் ஒன்று அறுந்தாலும் மற்ற நூல் பிடித்துக்கொள்ளும். கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தேன். அது இரண்டு ஊசித் தையல். நூல் கறுத்துப்போயிருக்கிறது, ஓர் இடத்திலும் விடவில்லை. அதை நான் பிரிக்கவில்லை.