தூலா: ரிப்பன் மைக் தயாரித்த ரஷ்ய ஊர்!

‘கொல்லன் தெருவில் ஊசி விற்காதே’ என்போம். ரஷ்யர்கள் அதையே, ‘தூலாவுக்குப் போகும்போது சமோவாரைத் தூக்கிக்கொண்டு போகாதே’ என்பார்கள். டீக்கு வெந்நீர் காய்ச்சும் சமோவாருக்கு அவ்வளவு பேர்போன ஊர் தூலா. ஆனால், இசைப்பதிவு செய்பவர்களிடம் கேட்டால் அவர்கள் சொல்லும் பெயர் வேறு... ‘ஆக்தாவா’!

மாஸ்கோவிலிருந்து தெற்கே சுமார் 180 கி.மீ. குர்ஸ்கி ஸ்டேஷனில் ‘லாஸ்தச்கா’ ரயில் ஏறினால், இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். 1927-ல் இங்கே தொடங்கிய ஆக்தாவா தொழிற்சாலையில்தான் சோவியத் காலத்து ‘எம்.எல்.’ வரிசை மைக்குகள் தயாராகின. ரஷ்ய மொழியில் ‘ரிப்பன் மைக்ரோபோன்’ என்பதன் முதலெழுத்துகளே அந்தப் பெயர்.

மூச்சுக்காற்றே எதிரி

ரிப்பன் மைக்கின் உயிர், சில மைக்ரான் கனமே உள்ள அலுமினியத் தகடு. தலைமுடி இதைவிடப் பல மடங்கு தடிமன்! காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே இது தொங்கும். குரல் பட்டதும் அசையும். அந்த அசைவே மின்சாரமாக மாறும். கீச்சென்ற ஒலிகளை இது கொஞ்சம் அடக்கிவிடும். அதனால் டிரம்பெட், வயலின் எல்லாம் காதைக் குத்தாமல் இதமாகக் கேட்கும்.

முன்னும் பின்னும் கேட்கும், பக்கவாட்டில் கேட்காது என்பது இன்னொரு விசேஷம். ஒரே மைக்குக்கு இருபுறமும் இருவர் எதிரெதிரே நின்று பாடலாம். ஆனால், பலமாக ஊதினால் போதும், ரிப்பன் தொய்ந்துவிடும்.

தப்பிப் பிழைத்த தொழிற்சாலை

சோவியத் யூனியன் 1991-ல் சிதறியதும் பழைய சந்தை போய்விட்டது. 1990-களில் மேற்கத்திய வீட்டு ஸ்டூடியோக்கள், மலிவு விலைக்காக ஆக்தாவா மைக்குகளைத் தேடி வாங்கின. அவற்றில் பெரும்பாலானவை கண்டென்சர் ரகம். அந்த வேகத்தில் ரிப்பன் ரகம் பின்னுக்குப் போனது. பழைய கட்டடங்களில் ஒரு பகுதி 2018-ல் கலை வளாகமாகிவிட்டது. இயந்திரங்களுக்கான மியூசியமும் அங்கே உண்டு.

பழசு வாங்குகிறீர்களா?

* ரிப்பன் அறுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புது ரிப்பன் மாட்டுவது கைவேலை. இழுவிசை மாறினால் ஒலியும் மாறும்.
* இரும்புத்தூள் பக்கத்தில் வைக்காதீர்கள். காந்தம் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.
* கேபிள் இணைப்பு தவறாக இருந்து 48 வோல்ட் பாய்ந்தால், ரிப்பன் காலி.
* படுக்கவைக்காமல் நிமிர்த்தி வையுங்கள்.

தூலாவரை போனால், பக்கத்திலேயே இருக்கும் டால்ஸ்டாயின் யாஸ்னயா பொல்யானா பண்ணையையும் பார்த்துவிடுங்கள். எடிசன் அனுப்பிய போனோகிராபில் 1908-ல் அவர் தன் குரலைப் பதிவுசெய்த இடம் அது. மைக்கே இல்லாமல் பதிவான அந்தக் குரலை இன்றும் கேட்க முடிகிறது!